ஆமையும் ஆலாவும் முட்டையிட்ட திட்டு

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

தாங்கள் எவராயினும், இதைப் படிக்க அமர்ந்தமைக்கு முதற்கண் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கும் வேலையில் இருந்தபோது, அங்கே வரும் நாளிதழை எழுத்துக்கூட்டிப் படித்து, அதன் நடையைப் பின்பற்றி எழுதப் பழகினேன். பின்னர் ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பாயிற்று. தெருவிளக்கு, பட்டா, முதியோர் உதவித்தொகை என்று நான் எழுதாத பொருள் குறைவு. ஆனால் ஒரு பறவையைப் பற்றியும் ஓர் ஆமையைப் பற்றியும் எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை. சென்ற மாசி முதல் சித்திரை வரை எங்கள் கடற்கரையில் நடந்ததை, என் பிழையையும் மறைக்காமல், இங்கே எழுதுகிறேன்.

ஆவுடையார்கோவிலில் பேருந்து ஏறிக் கிழக்கே வந்தால், வயலும் பொட்டலும் கருவைக் காடும் கடந்து, சாலை எங்கள் ஊரில் முடிந்துவிடும். அதற்கப்பால் கடல். பெரிய அலை இல்லாத, நெடுந்தூரம் முழங்கால் ஆழமே உள்ள கடல். ஊருக்குத் தெற்கே, ஓடை வந்து கலக்கும் இடத்தில், நாக்கை நீட்டியது போல ஒரு மணல் திட்டு கடலுக்குள் செல்கிறது. அந்தத் திட்டில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் கருவாடு காயப்போடுகிறார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. மணமாகி வந்த ஆண்டிலிருந்து இன்றுவரை அவள் வெயில் காலத்தில் பகல் முழுவதையும் அந்தத் திட்டில்தான் கழித்திருக்கிறாள்.

மாசி கடைசியில் ஒரு நாள், கூடையோடு திட்டுக்குப் போனவள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து வாசலிலேயே சத்தம் போட்டாள்.

"என்னங்க, எவனோ திட்டு மேல டிராக்டர ஓட்டிருக்கான். ஒரு டயரு மட்டும் ஏறி எறங்குன மாதிரி தடம் கெடக்கு. யாரு என்னன்னு கேட்டு ஒரு மனு எழுதுங்க."

நான் போய்ப் பார்த்தேன். தடம் கடலிலிருந்து ஏறி, திட்டின் நடுவில் ஒரு வட்டம் போட்டு, மீண்டும் கடலுக்கே சென்றிருந்தது. வட்டமிட்ட இடத்தில் மணல் புரண்டு கிடந்தது. டிராக்டர் கடலிலிருந்து வருவதில்லை. அது, பங்குனி ஆமை என்று நாங்கள் சொல்லும் கடலாமை ஏறி வந்து முட்டையிட்ட தடம்.

அது எனக்குக் கண்டவுடன் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. இளம் வயதில் நானும் என் கூட்டாளிகளும் இத்தகைய தடத்தைத் தேடி அலைந்திருக்கிறோம். கூரான குச்சியை மணலில் குத்தி இழுத்துப் பார்ப்போம். குச்சியின் நுனி ஈரமாக, மஞ்சளாக வந்தால் அங்கே தோண்டுவோம். அவித்துத் தின்றோம். அது குற்றம் என்று அன்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம். அந்தக் குச்சியின் நினைவு பிற்காலத்தில் என்னை விட்டு நீங்கவில்லை. எனவே இம்முறை இந்த முட்டைகள் குஞ்சாகிக் கடலுக்குப் போக வேண்டும் என்று அந்த இடத்திலேயே நின்று தீர்மானித்தேன்.

வனத்துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெண் அலுவலர் வந்தார். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் என்றால் எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைக்கலாம் என்றும், இப்போது நாள் கடந்துவிட்டதால் அசைத்தால் உள்ளே இருக்கும் கரு சிதைந்துவிடும் என்றும் சொன்னார்.

"குழியச் சுத்திப் பத்து அடிக்கு யாரும் மிதிக்காமப் பாத்துக்கங்கய்யா. நாய் தோண்டிராம ஏதாவது செய்ங்க. நாப்பத்தஞ்சு நாள்லேர்ந்து அம்பத்தஞ்சு நாளுக்குள்ள பொரிச்சிரும்."

அவர் கேட்டது பத்து அடி. நான் கொடுத்தது முழுத் திட்டு. இதுவே என் முதற்பிழை. பத்து அடிக்கு ஒரு பாதுகாப்பு என்பது என் ஆர்வத்துக்குப் போதவில்லை. பெண்களை எல்லாம் கூட்டி, சித்திரை முடியும்வரை எவரும் திட்டில் கால் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வசிக்கும் ஒரு பெண்மணி, கணவர் இல்லாதவர், என்னை அண்ணன் முறையில் அழைப்பவர், உடனே இடுப்பில் கை வைத்தார்.

"ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் வெளங்காதும்பாங்க. நீங்க என்னண்ணே, ஆமைய ஊருக்கே வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறீங்க?"

"வீட்டுக்குள்ள இல்லத்தா, திட்டுலதான இருக்கு" என்றேன்.

"திட்டுதான் எங்களுக்கு வீடு."

என் மனைவி குறுக்கிட்டு ஒரு முடிவு சொன்னாள்.

"சித்திர முடிய விட்டுத் தாரோம். குஞ்சு வந்துச்சுன்னா சரி. எல்லாம் கூமுட்டையாப் போச்சுன்னா, இனிமே எந்த ஆமை வந்தாலும் திட்டப் பத்தி நீங்க வாயத் தெறக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஆகவே, ஐயா, இது ஒரு குழி முட்டையின் வழக்காக மட்டும் இருக்கவில்லை. இந்தக் குஞ்சுகள் வராவிட்டால், இனி வரும் ஆமை எதற்கும் எங்கள் ஊரில் இடமில்லை என்றாகிவிடும்.

பெண்கள் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் உள்ள பொட்டலுக்குக் கருவாட்டைக் கொண்டு போனார்கள். நான் சவுக்குக் கம்பு நான்கு வாங்கி, ஆள் உயரத்துக்கு மேல் இருக்குமாறு குழியைச் சுற்றி நட்டு, பழைய வலையைச் சுற்றிக் கட்டினேன். ஒரு கம்பில் பலகை ஒன்றைத் தொங்கவிட்டேன். 'கடல் தந்த செல்வம் இவ்விடம் உறங்குகின்றது. அன்பர்கள் அயலே விலகி நடக்க வேண்டுகிறோம்' என்று வெள்ளை வண்ணத்தில் எழுதினேன். எழுதி முடித்து நான்கு அடி பின்னால் நின்று படித்தபோது எனக்கு மிகுந்த நிறைவாக இருந்தது.

பங்குனி பிறந்ததும் ஆலாக்கள் வந்தன. கடற்கரை அறியாதவர்களுக்காக ஆலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓயாமல் அலைகிறவனை ஆலாய்ப் பறக்கிறான் என்று சொல்கிறோமே, அந்தப் பறவை. இங்கே வருவது அவற்றுள் சின்ன இனம். புறாவை விடவும் சிறியது. மஞ்சள் அலகு, நுனியில் கறுப்பு, கறுத்த தலையில் நெற்றி மட்டும் விபூதி பூசியது போல வெள்ளை. நின்ற இடத்திலேயே சிறகடித்து, கல்லைப் போட்டது போல் நீரில் விழுந்து மீனோடு எழும். எங்கள் மீனவர்கள் ஆலா விழுகிற இடம் பார்த்து வலை விடுகிறவர்கள். ஆகையால் ஊரில் ஆலாவுக்கு எப்போதும் நல்ல பெயர். ஆமைக்கு வலையைக் கிழிப்பது என்ற பெயர்.

எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுவதும் சோறு பரிமாறும் நேரத்தில் இந்த இரண்டையும் பற்றிய வழக்கு நடந்தது. மனைவி ஆலாவின் பக்கம்.

"ஆத்தான்னா ஆலாதான். ரெண்டு முட்ட போட்டாலும் வெயிலுக்கு றெக்கைய விரிச்சு நெழலு குடுக்குது. வயித்த நனைச்சுக்கிட்டு வந்து முட்டையக் குளுர வைக்குது. ஆம்பளையும் பொம்பளையும் மாத்தி மாத்தி ஒக்காருதுங்க. ஒங்க ஆமை? நூறு முட்டையக் கொட்டி மூடிட்டு, தும்பு விட்ட மாடு மாதிரி போயிருச்சு."

"போகுமுன்னாடி அழுதுட்டுத்தான் போகும். கண்ணுல தண்ணி வடியும், நானே பாத்திருக்கேன்" என்றேன். பிறகு, உண்மையை மறைப்பது முறையன்று என்பதால், அது உடம்பில் சேர்ந்த உப்பைக் கண் வழியே வெளியேற்றும் நீர் என்று அந்த அலுவலர் சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப அந்த அழுகையும் பொய்யா? நல்லாருக்கு!"

"ஆலாவும் அப்புடித்தானாம். உப்புத் தண்ணி குடிக்குதுல்ல, அதுக்கு மூக்கு வழியா வடியுமாம்."

"அடப்பாவமே. நான் இத்தன நாளும் சளி புடிச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லி, குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன் பின்னர் அவள் முகம் மாறியது. "சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்கு ஆமையப் புடிக்கிறதுல அதிசயம் இல்ல. நீங்களும் அந்தச் சாதிதான். மனுவ எழுதுவீங்க, கவருக்குள்ள போட்டு ஒட்டுவீங்க, அனுப்பிட்டு வந்துருவீங்க. அது பொரிச்சுச்சா, கூமுட்டையாச்சான்னு ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்திருக்கீங்களா?"

நான் எழுதிய மனுக்களில் எத்தனைக்கு விடை வந்தது என்று எனக்குத் தெரியாது என்பது உண்மை. கை கழுவ எழுந்துவிட்டேன்.

பொட்டலில் கருவாடு சரியாகக் காயவில்லை. வண்டி போகும் புழுதி படிந்தது, ஆடு மிதித்தது. ஆலங்குடியிலிருந்து வாரந்தோறும் வரும் வியாபாரி, ஒரு காரப்பொடி மீன் கருவாட்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, மண்ணக் காயப்போட்டு மீனத் தூவுனீங்களா?" என்று கேட்டாராம். பெண்கள் என்னைக் கடந்து போகும்போது பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பங்குனி நடுவில் ஒரு நாள் காலை, திட்டை இந்த அளவுக்காவது திருப்பித் தர வேண்டும் என்று அளந்து காட்டுவதற்காக என் மனைவி என்னை அழைத்துக்கொண்டு போனாள். ஆமைக் குழி அப்படியே இருந்தது. என் பலகையின் மேல் இரண்டு காகங்கள் அமர்ந்திருந்தன. மற்ற மூன்று கம்புகளிலும் காகங்கள். என் எழுத்தின் மீது எச்சம் வழிந்து, 'அன்பர்கள்' என்ற சொல் பாதி மறைந்திருந்தது.

அவள் அங்கே நிற்காமல் திட்டின் தென் நுனிக்கு நடந்தாள். நான் பின்தொடர்ந்தேன். அங்கே குனிந்து, மணலிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மணல் நிறத்தில், கரும்புள்ளி போட்ட ஓட்டுத் துண்டு. பிறகு இன்னொன்று. நடக்க நடக்க அவை கிடந்தன. மேலே ஆலாக்கள் ஓயாமல் கத்திச் சுற்றிக்கொண்டிருந்தன.

"எல்லாம் போச்சு. அந்தக் கம்புல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்து, ஆலா எந்திரிச்சா வந்து குத்தித் தின்னிருக்கு. எத்தன வருசமா இந்தக் காக்காய நாங்க இங்கிட்டு அண்ட விட்டதில்ல, தெரியுமா?"

எனக்குத் தெரியாது, ஐயா. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவளுடன் வாழ்ந்தும் தெரியாது. கருவாட்டுக்குக் காவல் இருப்பதற்காகப் பெண்கள் பகலெல்லாம் காகத்தை விரட்டுகிறார்கள் என்பது தெரியும். அந்த விரட்டலின் மறைவில்தான் ஆலாக்கள் ஆண்டுதோறும் அந்த நுனியில் முட்டையிட்டன என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. மேலும் ஒன்றை அவள் அன்று காட்டினாள். ஆலா கூடு கட்டுவதில்லை. மணலில் மார்பை வைத்துத் தேய்த்த சிறு குழியே கூடு. முட்டை மணலோடு மணலாகக் கிடப்பதால் கால் பட்டுவிடும். எனவே ஒரு கூட்டைக் கண்ட பெண், அதற்கு ஓரடி தள்ளி ஒரு மட்டிச் சிப்பியைக் கவிழ்த்து வைப்பாள். சிப்பி கவிழ்ந்திருந்தால் மற்றவர்கள் சுற்றிப் போவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லி வைத்ததில்லை, எழுதியும் வைத்ததில்லை. பழைய சிப்பிகள் சில அங்கே இன்னும் கிடந்தன.

நான் ஆமைக்காகப் பெண்களை வெளியேற்றினேன். காகம் உட்காருவதற்கு நான்கு கம்புகளும், போதாக்குறைக்கு ஒரு பலகையும் நட்டுக் கொடுத்தேன். இது என் இரண்டாம் பிழை. முதலாவதை விடப் பெரியது. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "அருவா இருக்கா வீட்டுல?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று முற்பகலிலேயே கம்புகளைப் பிடுங்கினோம். கருவை முள்ளை வெட்டி வந்து, நாய் நெருங்காதபடி குழியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குத் தாழ்வாகப் பரப்பினோம். கடலைப் பார்த்த பக்கத்தில் இரண்டு முழ அகலத்துக்கு வழி விட்டோம். மாலையில் பெண்கள் முன் நின்று, என் கணிப்புத் தவறு என்று சொல்லி, ஆமைக்குப் பத்து அடி நீங்கலாகத் திட்டை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அண்ணன் என்று அழைக்கும் அந்தப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பலகைல என்னமோ எழுதிருந்தீங்களே, அத என்ன செய்யப் போறீங்க?"

"அத நான் எடுத்துக்கிட்டேன். கருவாடு அரியத் தோதான பலக" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெண்கள் திரும்பிய பிறகு திட்டில் மீண்டும் இரைச்சல் வந்தது. தகரம் தட்டுவதும், "ஏய், தூ!" என்று கத்துவதும். முட்டையை இழந்த ஆலா மறுபடியும் முட்டையிடும் என்று என் மனைவி உறுதியாகச் சொன்னாள். எனக்கு நம்பிக்கை இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் நுனியில் ஒரு சிப்பி கவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. சித்திரை பிறந்தபோது ஒன்பது சிப்பிகள் கவிழ்ந்து கிடந்தன. ஆமைக் குழியில் மட்டும் ஓர் அசைவும் இல்லை. நாற்பத்தைந்தாம் நாள் போயிற்று. நான் தினமும் காலையும் மாலையும் சென்று முள்ளுக்கு வெளியே நின்று பார்த்தேன். மனைவி சொன்ன அந்தத் 'திரும்பிப் பார்க்கும்' வேலையை வாழ்க்கையில் முதன்முறையாகச் செய்தேன் என்று சொல்லலாம். அது மனு எழுதுவதைக் காட்டிலும் கடினமான வேலை.

ஐம்பதாம் நாள் விடியலில், முதல் கூடையைக் கொட்டப் போன பெண்கள் என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். நான் ஓடிப் போனேன். குழியின் மேல் மணல் ஒரு சாண் உள்வாங்கியிருந்தது. அதன் நடுவில் கறுப்பாக, ஒரு கட்டைவிரல் பருமனில் ஒரு தலை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் அருகில் இன்னொன்று. பிறகு, அடுப்பில் பொங்குகிற சோறு மூடியைத் தள்ளுவது போல, மணலைத் தள்ளிக்கொண்டு எல்லாம் ஒன்றாக மேலே வந்தன.

"யாரும் கால அசைக்காதீங்கடி! நின்ன எடத்துலயே நில்லுங்க!" என்றாள் என் மனைவி. பெண்கள் முள்வழியின் இரு பக்கமும் கடல்வரை வரிசையாக நின்றார்கள். குஞ்சுகள் நடுவே, துடுப்புப் போன்ற கைகளால் மணலை அள்ளி அள்ளி நடந்தன.

காகங்கள் பார்த்துவிட்டன. கருவைக் காட்டிலிருந்து கூட்டமாக வந்தன. பெண்கள் கூடையை வீசிக் கத்தினார்கள். ஆயினும் ஒன்று தாழ்ந்து வந்து ஒரு குஞ்சைக் கொத்திக்கொண்டு போனது. மற்றவை பின்னாலேயே வந்தன. அப்போது தென் நுனியிலிருந்து ஆலாக்கள் எழுந்தன. உள்ளங்கை அளவு உடம்பை வைத்துக்கொண்டு, அவை காகங்களின் முதுகில் மேலிருந்து விழுந்த வேகத்தை நான் என்னவென்று எழுதுவேன். கிறீச்சிட்டு விழுந்தன, எழுந்தன, மீண்டும் விழுந்தன. காகங்கள் தலையைக் குனிந்து, உருண்டு, கருவைக் காட்டுக்கே திரும்பின.

ஆலா ஆமைக்காகப் போரிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். அது தன் முட்டைக்காகப் போரிட்டது. காகம் யாரைத் தேடி வந்தது என்பது அதற்குப் பொருட்டன்று. எனினும் அந்த நேரத்தில் ஆமைக் குஞ்சுகள் நீரைத் தொட்டன என்பது நான் கண்ணால் கண்டது. இறுதியாகச் சென்ற குஞ்சு ஒன்று, என் மனைவியின் கால் விரலில் முட்டி, திசை தெரியாமல் நின்றது. சத்தம் போடுவதில் பெயர் பெற்ற அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது தானாகவே திரும்பிக் கடலை நோக்கிப் போயிற்று.

"ஆத்தாளக் கண்ணுல பாக்காத பிள்ள. அதுக்கு வழி தெரியுது பாருங்க" என்றாள். அதற்கு மேல் அன்று அவள் ஆமையைப் பழிக்கவில்லை.

அண்ணன் என்று அழைக்கும் பெண்மணி முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஆமை பூந்த ஊரு தப்பிச்சிருச்சுண்ணே. அடுத்த மாசிக்கும் வரச் சொல்லுங்க. ஆனா பலகை மட்டும் வேணாம்" என்றார்.

பின்னர் அந்த அலுவலர் வந்து குழியைத் தோண்டிப் பார்த்தார். சில முட்டைகள் பொரியவில்லை. பெரும்பாலானவை வெறும் ஓடுகளாக இருந்தன. சித்திரை முடிவதற்குள் ஆலாக் குஞ்சுகளும் பொரித்தன. எல்லாம் பிழைத்தன என்று சொல்ல மாட்டேன். ஏழெட்டுக் குஞ்சாவது பறந்து போனதை என் மனைவி பார்த்திருக்கிறாள். மூடிய ஆமைக் குழியின் மேல் அவள் ஒரு பெரிய சிப்பியைத் தேடி எடுத்து வந்து கவிழ்த்து வைத்தாள். அடுத்த ஆமையும் அந்த இடத்துக்கே வரும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். வராமலும் போகலாம். எனினும் வந்தால் இடம் இருக்கிறது.

பெண்கள் சொல்லாமலே அறிந்ததை நான் எழுதியாவது வைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன். ஆமைக்குப் பத்து அடி. ஆலாவுக்கு ஒரு சிப்பி. தாழ்வாக முள். கம்பும் பலகையும் கூடாது. பெண்கள் திட்டில் இருக்க வேண்டும். அடுத்த மாசியில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தடத்தைக் காண்பவர் எவரேனும் இதைத் தேடக்கூடும்.

ஆகவே, ஐயா, அம்மையீர், படித்து முடித்தபின் இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.